இருநூறு பக்க ஆறு

ஜூன் 8, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் நினைவுப் பயிற்சி கொடுக்கிற பானுமதி மேடம் தினமும் நாலு வரி எழுதச் சொல்லியிருக்கிறார். என் மனைவி சுகிர்தாவை அல்ல, என்னை. பயிற்சிக்கு வருகிறவர்களைவிடத் துணைக்கு வருகிறவர்கள்தான் முதலில் களைத்துப்போகிறார்களாம். முன்பின் தெரியாத ஒருவர் படித்தாலும் புரிகிற மாதிரி எழுதினால் மனசு கொஞ்சம் தெளியும் என்றார். எனக்கு ஒன்றும் இல்லை. தூக்கம்தான் குறைவு. சொன்னதற்காக எழுதுகிறேன்.

பிப்ரவரியில் சுகிர்தா பள்ளிக்கூடத்திலிருந்து ஸ்கூட்டரில் திரும்பும்போது நாய் குறுக்கே ஓடியது. தலையில் அடி. இப்போது நடக்கிறாள், பேசுகிறாள், சிரிக்கிறாள். ஒரே சமயத்தில் இரண்டு மூன்று விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் கண் சொருகிவிடுகிறது. மற்றபடி பழைய ஆள்தான்.

விபத்துக்குப் பிறகு இன்றுதான் முதல் ஆட்டம். காலையிலேயே மோட்டார் ஓடவில்லை. கீழ்வீட்டில் இரண்டு குடம் வாங்கிப் பாத்திரம் கழுவினேன். நிஜாம் உதிரிபாகக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தான். கிளாரா, பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் இருக்கிற பெண், பிளாஸ்க்கில் காபி கொண்டுவந்தாள்.

நாங்கள் நால்வரும் பதினோரு வருடமாக ஞாயிறுதோறும் ஆடுவது கதையாட்டம். நான் கதையை நடத்துவேன்: ஆறு எப்படி இருக்கிறது, கரையில் யார் நிற்கிறார்கள், வானம் என்ன நிறம் என்று சொல்வேன். மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரம். சுகிர்தா, வேம்பி என்ற படகோட்டி. நிஜாம், கொக்கன் என்ற திருடன். கிளாரா, சிட்டு என்ற வைத்தியச்சி. என்ன செய்யப்போகிறோம் என்று அவர்கள் சொல்வார்கள். அது பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடையும் விதிப்புத்தகமும் சொல்லும். விதிப்புத்தகம் நாங்களே எழுதியது. இருநூறு பக்கம். பாதி சுகிர்தா எழுதியது. பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுப்பவள் இல்லையா, ஆற்றின் வேகமும் படகின் பாரமும் அவளுடைய கணக்கு.

இடிந்த பாலத்துக்குக் கீழே படகு போக வேண்டும். நீரோட்டத்தில் பாரத்தைக் கழித்து, படகோட்டியின் திறமையைக் கூட்டி, எதிர்க்காற்று என்றால் பாதியாக்கி, அதற்கு மேல் பகடை. நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் அவள் விடை சொல்லிவிடுவாள், முன்பு.

"நீரோட்டம் ஏழு. பாரம் நாலு" என்றேன்.

"இரு. நீரோட்டம் எவ்ளோ?"

"ஏழு."

"ஏழு. பாரம்?"

"நாலு."

"நாலு..." விரலை மடக்கினாள். "நீரோட்டம்?"

நிஜாம் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் இரண்டு முறை அப்படியே ஆனது. பிறகு அவளே சிரித்துவிட்டாள்.

"இது நான் எழுதின விதிதான?"

"ஆமா."

"எவ்ளோ திமிரு பாரேன் எனக்கு."

எல்லோரும் சிரித்தோம். அவள் எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். தலைவலியாக இருக்கும். அவர்கள் இருவரும் கிளம்பிப் போனபின் மோட்டார் தானாக ஓடியது.

ஜூன் 10, செவ்வாய்

பயிற்சி. சுகிர்தா வெளியே உட்கார்ந்திருந்தபோது பானுமதி மேடத்திடம் ஞாயிறு நடந்ததைச் சொன்னேன்.

"அந்த விளையாட்டு அவங்களுக்குப் பிடிக்குமா?"

"பாதி விதி அவ எழுதினதுங்க மேடம்."

"எழுதினதக் கேக்கல சார். பிடிக்குமான்னு கேட்டேன்."

"பிடிக்கும்."

"அப்ப ஆடுங்க. ஒரு நேரத்துல ஒரு விஷயம். ரெண்டாவது வேணாம்."

வரும்போது ஆட்டோவில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இறங்கும்போது எழுப்ப மனம் வரவில்லை. ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.

ஜூன் 13, வெள்ளி

அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய கட்டட வரைபடம் அப்படியே கிடக்கிறது. விதிப்புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எதை எடுக்கலாம் என்று.

கயிறு பற்றி மட்டும் மூன்று பக்கம். ஒருமுறை நிஜாம் ஒரே கயிற்றில் யானையைத் தொங்கவிட முடியும் என்று சாதித்தான், மூன்று வாரம் சண்டை, அதன் விளைவு. நனைந்த கயிறு, பழைய கயிறு, இரண்டாக முறுக்கிய கயிறு. அச்சத்துக்கு ஓர் அத்தியாயம், சிட்டு எதற்கும் பயப்படாமல் எல்லாவற்றிலும் குதித்துக்கொண்டிருந்ததால். பாரத்துக்கான அட்டவணை, கல்யாணமான புதிதில் சுகிர்தா வீட்டுத் தராசில் குடை, செருப்பு, உப்புப் பாக்கெட், என் மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் நிறுத்துப் போட்டது. அன்றைக்குச் சமைக்கவே இல்லை. ஓட்டலில் பரோட்டா வாங்கிச் சாப்பிட்டோம்.

யாரோ யாரையோ நம்பாத இடத்தில்தான் ஒவ்வொரு விதியும் முளைத்திருக்கிறது. ஆனாலும் எதையும் கிழிக்க வரவில்லை. வேறு வழி செய்தேன். எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டு ஒற்றைப் பகடையோடு தொடங்குவது. இரண்டு வாரம் கழித்து ஒரு விதி. பிறகு இன்னொன்று. ஆயுத பூஜைக்குள் பழையபடி ஆகிவிடலாம்.

ஜூன் 15, ஞாயிறு

ஒற்றைப் பகடை. நாலோ அதற்கு மேலோ விழுந்தால் நடக்கும், இல்லாவிட்டால் நடக்காது. கூட்டல் கழித்தல் இல்லை. சுகிர்தாவுக்குச் சிரமம் வேண்டாம் என்று அவளுடைய பகடையையும், கதை நடத்துகிறவன் குறிப்புகள் மற்றவர் கண்ணில் படாமல் இருக்க நான் முன்னால் நிறுத்திவைக்கும் மறைப்பு அட்டைக்குப் பின்னால் நானே போட்டேன்.

பகடை அவள் பக்கம் இருந்தது. வேம்பி சுழலைத் தாண்டினாள், சுங்கக்காரனை ஏமாற்றினாள். முழுசாக ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தாள். சாயங்காலம் ரசம் வைத்தேன், உப்பு மறந்துவிட்டது.

ஜூன் 22, ஞாயிறு

இன்றும் பகடை அவள் பக்கம். கொக்கன் இரண்டு முறை ஆற்றில் விழுந்தான்.

துவைக்கும் இயந்திரத்தில் தண்ணீர் வடியவில்லை. கையால் பிழிந்தேன். தோள் வலிக்கிறது.

ஜூன் 26, வியாழன்

தலைமையாசிரியை ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். பிளஸ் டூ வகுப்பை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். ஆறாம் வகுப்பு அறிவியல் இருக்கிறது, தினம் ஒரு பீரியட், எப்போது முடியுமோ அப்போது வரட்டும் என்றார்.

"அரையாண்டுக்குள்ள பழையபடி ஆயிடுவா மேடம். பிளஸ் டூவே எடுப்பா" என்றேன்.

சுகிர்தா பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவர் போனபிறகு கேட்டாள், "ஆறாவதுல மொதப் பாடம் என்ன?"

"அதெல்லாம் உனக்கு எதுக்கு?"

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. நல்லவேளை. ஆசையை வளர்த்துக்கொண்டு பிறகு வருத்தப்படுவானேன்.

ஜூன் 29, ஞாயிறு

அச்சம் பற்றிய விதியைச் சேர்த்தேன். கொஞ்சம் திணறினாள். பகடை நல்லபடி விழுந்தது.

ஜூலை 3, வியாழன்

கேஸ் தீர்ந்துவிட்டது. மின்னடுப்பில் கஞ்சி. எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

நீரோட்டத்தைச் சேர்த்தேன். திட்டப்படி இன்னும் ஒரு வாரம் பொறுத்திருக்க வேண்டும். நன்றாகத்தானே போகிறது என்று முன்னாலேயே எடுத்துவிட்டேன். மூன்று தடவை விளக்கினேன். நாலாவது தடவை குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கலாம். ஃபேன் வேறு சத்தம் போடுகிறது.

"சுகி, ஏழுல நாலு போனா எவ்ளோ? அவ்ளோதான். ஏழுல நாலு!"

கிளாரா தன் கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மூணு" என்றாள் சுகிர்தா. "மூணுன்னு தெரியுது மாறா. எதுக்குக் கழிக்கிறோம்னுதான் மறந்துபோச்சு."

நான் பகடையைப் போட்டேன். வேம்பி தப்பித்தாள். சுகிர்தா கொஞ்ச நேரம் என் மறைப்பு அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிஜாம் டீ குடிக்கலாம் என்று வெளியே கூப்பிட்டான்.

"மாப்ள, அடுத்த வாரம் கிளாரா வரலையாம்."

"ஏன்?"

"வேலையாம்." கிளாஸைச் சுற்றினான். "வேலை இல்லடா. அண்ணன் அக்காவ டியூஷன் புள்ள மாதிரி மெரட்டுறாரு, என்னால பாத்துக்கிட்டு உக்கார முடியலன்னு சொல்லுச்சு."

"மெரட்டல."

"சரி, மெரட்டல. ஒண்ணு கேக்கவா? எதுக்குடா பழையபடி? கொக்கன் ஆத்துல விழுந்தா எனக்குச் சிரிப்பு வருது. கழிச்சுப் பாத்து விழுந்தா என்ன, கழிக்காம விழுந்தா என்ன?"

அவனுக்குப் புரியாது. அவன் வாரத்தில் ஒரு நாள் வந்து பார்க்கிறவன். முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

ஆட்டம் இல்லை. கிளாராவுக்கு வேலை என்று சுகிர்தாவிடம் சொன்னேன். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். இப்போது நறுக்குகிறாள், ஒரு கறிக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

"ஒரு மாசமா வேம்பி ஒரு தடவகூடத் தண்ணில விழல. கவனிச்சியா?"

"உன் அதிர்ஷ்டம்."

"மாறா, என்னால ரெண்டு நம்பரத் தலையில வெச்சுக்க முடியல. எப்பவும் நான்தான் ஜெயிக்கிறேங்கிறது ஒரு விஷயம்தான். அத வெச்சுக்க முடியுது."

நறுக்கிய பீன்ஸைக் கிண்ணத்தில் அள்ளிப் போட்டேன்.

"எத்தன தடவ மாத்திச் சொன்ன?"

"உனக்குக் கஷ்டமா இருக்கக் கூடாதுன்னு..."

"எனக்கா?"

குக்கரைப் பார்க்கப் போனேன். இன்னும் விசில் வரவில்லை. அங்கேயே நின்றேன். அவள் அங்கிருந்தபடியே பேசினாள்.

"தோத்தாத்தான மாறா நான் அங்க இருக்கேன்னு அர்த்தம். விழுந்தா நனைவேன். நீ என்னக் கரையிலேயே உக்காத்தி வெச்சிருக்க."

பீன்ஸ் நறுக்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு நின்றது.

"அடுத்த ஞாயிறு நான் நடத்துறேன்."

நடத்துகிறவர் எல்லாவற்றையும் தலையில் வைத்திருக்க வேண்டும் என்று விளக்கினேன். நாலு பேருடைய நிலைமை, வானிலை, ஊர்ப் பெயர்கள், போன வாரம் யார் யாரிடம் என்ன சொன்னார்கள்.

"வெச்சிருக்கப் போறதில்ல" என்றாள்.

ஜூலை 16, புதன்

அவளே கிளாராவுக்குப் போன் போட்டாள். "நான்தான் நடத்துறேன். அவன் ஓரமா உக்காருவான். நீ வா."

விதி என்ன என்று கேட்டேன். ஒன்றுதானாம். யாராவது ஏதாவது செய்ய முயன்றால், என்ன ஆகிவிடுமோ என்று அவர்கள் பயப்படுவதை முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு பகடை. நாலும் மேலும் என்றால் நினைத்தது நடக்கும். மூன்றும் கீழும் என்றால் பயந்தது நடக்கும்.

"பாரம்?"

"இல்ல."

"கயிறு?"

"கயிறு அறுந்துடும்னு பயமா இருந்தா சொல்லு. பயமில்லன்னா அது பாட்டுக்கு இருக்கட்டும்."

இது நிற்காது என்று தோன்றியது. நடத்துகிறவர் இஷ்டத்துக்கு வளைக்கலாம், ஆடுகிறவர் சும்மா எதையாவது பயம் என்று சொல்லித் தப்பிக்கலாம், ஓட்டைகள் நிறைய. சொன்னேன்.

"தப்பிச்சா தப்பிச்சுட்டுப் போகட்டும்" என்றாள். "நம்ம ஆளுங்கதான?"

ஜூலை 18, வெள்ளி

ஆடிக் காற்று. மாடியில் காயப்போட்டதில் இரண்டு துணி பறந்துவிட்டது. ஒன்று எதிர்வீட்டு மாமரத்தில் தொங்குகிறது. எடுக்கப் போகவில்லை. அசதி.

ஜூலை 20, ஞாயிறு

எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மறைப்பு அட்டை இல்லை. அதை எடுத்துப் பரணில் போட்டுவிட்டாள். மேசை நடுவில் ஒரு பகடை, ஒரு தட்டில் வெங்காயப் பக்கோடா. எனக்கு வேம்பியின் படகில் பாய் கட்டுகிற ஆள் வேடம். பெயரை நானே வைத்துக்கொள்ளச் சொன்னாள். இருளாண்டி என்றேன். நடத்துகிறவள் அவள் என்பதால் வேம்பி இன்று அவளுடைய பேச்சிலேயே வருவாள்.

தொடக்கத்திலேயே துறையின் பெயர் மறந்துவிட்டது அவளுக்கு. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் கிளாரா கேட்டாள், "மறந்துட்டா நாங்க வைக்கலாமாக்கா?"

"வையி."

"பல்லுவலித் துறை."

அதன்பிறகு ஊர்க்காரர்கள் எல்லோரும் கன்னத்தில் கைவைத்துக்கொண்டே பேசினார்கள். நிஜாம் கோயில் நகையை எடுக்கப் போனான்.

"என்ன ஆயிடுமோன்னு பயப்படுற?" என்று கேட்டாள் சுகிர்தா.

"நான் திருடன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுரும்."

பகடையில் ஒன்று. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் அந்த ஊரில் முக்கால்வாசிப் பேர் திருடர்கள்தான் என்றாள் சுகிர்தா. கொக்கனைச் சங்கத்தில் சேரச் சொல்லி வற்புறுத்தினார்கள். நிஜாம் கண்ணில் நீர் வரச் சிரித்தான். நான் மனதுக்குள் பாரத்தையும் நீரோட்டத்தையும் கழித்துக்கொண்டிருந்தேன். எப்போது நிறுத்தினேன் என்று தெரியவில்லை.

பாய் கட்டும்போது கயிறு அறுந்துவிடும் என்று பயந்தேன். ஐந்து விழுந்தது. அறுபடவில்லை.

பிறகு நடு ஆற்றில் நங்கூரம் எதிலோ மாட்டிக்கொண்டது. பனிமூட்டம். அதை விடுவிக்க வேம்பி தண்ணீருக்குள் இறங்கினாள்.

"போனவ போனவதான்" என்றாள் சுகிர்தா. இடையில் கண்ணை மூடி நெற்றியைத் தேய்த்தாள். நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. "நேரமாகுது. தண்ணி மேல ஒண்ணுமே தெரியல. இருளாண்டி என்ன பண்றான்?"

"கயித்தத் தண்ணிக்குள்ள விட்டு அவள இழுக்குறேன்."

"என்ன ஆயிடுமோன்னு பயப்படுற? சொல்லிட்டுப் போடு."

"கயிறு..."

"கயித்த அப்பவே சொல்லிட்ட."

பகடை என் கையில் இருந்தது. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். இது வெறும் ஆட்டம், எதையாவது சொல்லலாம். முதலை என்று சொல்லலாம். அதைத்தான் சொல்லப்போனேன்.

"அவ வர மாட்டாளோன்னு" என்றேன்.

"சரியாக் கேக்கல."

"பழையபடி வர மாட்டாளோன்னு. அதான் பயம்."

போட்டேன். பகடை தட்டில் மோதி நின்றது. இரண்டு.

எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மேசை நடுவில் கிடந்தது அது. இன்னொரு முறை போடு என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். ஒரு மாதம் நான் அவளுக்குச் சொல்லாமலே செய்ததும் அந்த மாதிரிதானே. அவள் பகடையை வெகுநேரம் பார்த்தாள்.

"ரெண்டு" என்றாள். "அப்ப வரல."

கிளாரா மெதுவாக "அக்கா" என்றாள்.

"கயிறு கனமாகுது. ஒருத்தி கயித்தப் புடிச்சுக்கிட்டு மேல வர்றா. வேம்பியோட சேலதான் கட்டியிருக்கா. மூச்சு வாங்குது. ஆத்தப் பாத்துட்டு, இது என்ன ஆறுன்னு கேக்குறா." என்னை நேராகப் பார்த்தாள். "இருளாண்டி என்ன பண்றான்?"

பக்கோடாவில் காரம் அதிகம். கிளாரா எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். குடித்தேன்.

"படகுல ஏத்துறேன்."

"அப்புறம்?"

"குளிரும். போர்வை குடுக்குறேன்."

"அப்புறம்?"

"உன் பேரு என்னன்னு கேக்குறேன்."

சுகிர்தா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

"பொறு" என்றாள். "யோசிக்கிறேன்."

நீண்ட நேரம் யோசித்தாள். எனக்கு ஏழெட்டுப் பெயர்கள் வந்தன. நிஜாமுக்கும் வந்திருக்கும். யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை.

ஜூலை 21, திங்கள்

காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். சுகிர்தா பின்னால் வந்து சமையல் மேடையில் சாய்ந்து நின்றபடி தலைமையாசிரியைக்குப் போன் செய்தாள். ஆறாம் வகுப்பு போதும் என்றாள். ஒரு பீரியட். அடுத்த வாரத்திலிருந்து. சொல்ல வேண்டியதை உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்திருந்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. முப்பது பிள்ளைகளின் இரைச்சல், வெயில், மாடிப்படி.

தலைமையாசிரியை ஏதோ கேட்டார்.

"இல்ல மேடம், அவர்கிட்ட கேக்கல" என்றாள் சுகிர்தா. "இங்கதான் நிக்கிறாரு."

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அடுப்பை அணைத்துவிட்டுத் துணியை எடுத்துத் துடைத்தேன்.